கான்சோலில் விசை வரையறை: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

லினக்ஸின் டெஸ்க்டாப் சூழலான கேடிஇயின் கான்சோல் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) எந்த விசைக்கு என்ன பைட்டுகள் போக வேண்டும் என்பதை ப்ரொஃபைல் அமைப்பின் கீபோர்டு பக்கத்தில் மாற்றலாம். கூடவே வரும் விசைப் பட்டியல்களில் எக்ஸ்ஃப்ரீ 4 ஒன்றே அன்றாடத்துக்குப் போதும். கான்சோல் தன்னை எக்ஸ்டெர்ம் (பழைய, பரவலான டெர்மினல் நிரல்) வகை என்றுதான் அறிவித்துக்கொள்கிறது. நிரல்களும் அதற்குரிய பைட்டுகளையே எதிர்பார்க்கும். லினக்ஸ் கன்சோலுக்கான (வரைகலை இல்லாத வெறும் உரைத் திரை) பட்டியலுக்குத் தாவினால் எஃப்1 முதல் எஃப்5 வரை குழம்பிவிடும்.

எக்ஸ்ஃப்ரீ 4-இலும் உறுத்தும் ஒன்று உண்டு: ஷிஃப்ட்+என்டர். அது எஸ்கேப், ஓ, எம் என்ற மூன்று பைட்டுகளை அனுப்புகிறது. வேகமாகத் தட்டும்போது ஷிஃப்டிலிருந்து விரல் எடுக்கத் தாமதித்தால், ஷெல்லைப் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) பொறுத்து கட்டளை வரியில் 'எம்' அல்லது 'ஓஎம்' முளைக்கும். பட்டியலைப் புதுப் பெயரில் நகலெடுத்து, அந்த வரியின் வெளியீட்டை \r (சாதாரண என்டர் அனுப்பும் பைட்டு) ஆக்கினால் தீர்ந்தது. பழைய பெயரிலேயே சேமிக்காதீர்கள். ஹோம் அடைவில் உள்ள கோப்பு கணினியோடு வந்ததை மறைத்துவிடும். பின்னாளில் வரும் திருத்தங்கள் உங்களுக்குக் கிடைக்காது. கோப்பைக் கையால் திருத்தினால் எல்லா கான்சோல் சாளரங்களையும் மூடித் திறக்க வேண்டும்.

கன்ட்ரோல், ஆல்ட் சேர்க்கைகளுக்குத் தனித்தனி வரி எழுத வேண்டாம். வரையறையில் * போட்டால் அழுத்திய துணைவிசைக்கான எண் அங்கே வந்து உட்காரும்: ஷிஃப்டுக்கு 2, ஆல்டுக்கு 3, கன்ட்ரோலுக்கு 5, கன்ட்ரோல்+ஷிஃப்டுக்கு 6.

ஷிஃப்ட்+வலது அம்புக்கு என்ன எழுதினாலும் பலிக்காது. டேப் மாற்றும் குறுக்குவழி அதை முன்பே விழுங்கிவிடுகிறது. முதலில் குறுக்குவழி அமைப்பில் அதை நீக்க வேண்டும்; எரிச்சலூட்டும் இந்த முன்னுரிமை பற்றி விசைப் பட்டியல் சாளரத்தில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

சோதிக்க, கேட் கட்டளையை -வி விருப்பத்தோடு ஓட்டி விசையை அழுத்துங்கள். மேல் அம்புக்கு எஸ்கேப், [, ஏ என்று வரும். டெர்மினல் வகைகளின் விவரத் தொகுப்பான டெர்மின்ஃபோவிலோ அதே விசைக்கு எஸ்கேப், ஓ, ஏ என்றிருக்கும். இரண்டும் சரிதான்: உரைத்தொகுப்பான் விம் போன்ற நிரல்கள் திறக்கும்போது அம்பு விசைகளை வேறு பைட்டுகள் அனுப்பும் அப்ளிகேஷன் முறைக்கு மாற்றுகின்றன, டெர்மின்ஃபோ சொல்வது அந்த முறையை. இது புரியாமல் பட்டியலில் கைவைப்பவர்கள்தான் அதிகம்.

பேக்ஸ்பேஸ் 127 என்ற பைட்டை அனுப்புகிறது. அதை 8 ஆக்கினால் கன்ட்ரோல்+எச்சிலிருந்து பிரித்தறிய வழியில்லை, ஈமாக்ஸ் உரைத்தொகுப்பானில் உதவி திறந்துகொள்ளும். தொலைக் கணினியில் மட்டும் ^? (127-இன் குறியீடு) தோன்றினால் அங்கே எஸ்டிடிஒய் கட்டளையால் அழிப்பு விசையை மாற்றுங்கள், இங்கே எதையும் தொடாதீர்கள்.

ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை நடத்த உதவும் டிமக்ஸுக்குள் எஸ்கேப் விசை மந்தமாக இருந்தால் அதற்கும் இந்தப் பட்டியல் பொறுப்பல்ல. அம்பு விசைகளும் எஸ்கேப்பில்தான் தொடங்குகின்றன. தொடர்ச்சி வருமா என்று பழைய டிமக்ஸ் பதிப்புகள் 500 மில்லிவினாடி காத்திருக்கும். எஸ்கேப்-டைம் அமைப்பை 10 ஆக்கினால் சரியாகிவிடும். இணைப்பு மிகவும் மெதுவாக இருந்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையெனில் அம்பு விசை துண்டுபட்டுப் போய்ச் சேரும்.