‘ஈரம் புகாது’ என்று சொல்லி விற்கிற துப்பாக்கி லாக்கர்: வாங்கும் முன் படியுங்கள்

துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்கள், குறிப்பாக மலைப்பக்கம் இருப்பவர்கள், முதலில் ஒன்று செய்யுங்கள். உங்கள் லாக்கருக்குள் வெள்ளைக் குருணை போட்ட பிளாஸ்டிக் டப்பா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சாய்க்காமல் நிமிர்த்தியபடியே வெளியே எடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம். எங்கள் வீட்டு டபுள் பேரல் (இரட்டைக்குழல்) துப்பாக்கியைக் கெடுத்தது அந்த டப்பாதான்.

எங்களுக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம். துப்பாக்கி 12 போர் (குழல் அளவு), பர்மிங்காமில் செய்தது. அப்பாவுக்கு 70 வயது ஆனதும் முறைப்படி என் பெயருக்கு மாற்றினோம். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பத்திரமாகப் பூட்டி வைக்க வசதி இருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். அதற்காகத்தான் கீழே ஒரு கடையில் நெருப்புத் தாங்கும் லாக்கர் வாங்கினேன். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை இருப்பதால் காற்றே உள்ளே போகாது, துரு என்ற பேச்சே கிடையாது என்றார் கடைக்காரர். கதவின் உட்புறம் ஈரம் காட்டும் மீட்டர் ஒன்று. அப்புறம், தனி விலைக்கு ஒரு ‘ஈரம் உறிஞ்சி’. ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று அவரே மேல்தட்டில் வைத்துக் கொடுத்தார்.

துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் பூசித்தான் உள்ளே வைத்தேன். மழைக்காலம் முழுக்க மீட்டர் 45 சதவீதம் காட்டியது. மூடுபனி இறங்கி வீட்டுக்குள் துணியே காயாத நாட்களிலும் அதே 45. மழை ஓய்ந்து துப்பாக்கியை வெளியே எடுத்தால், இடது குழலின் மேல் நீளமாகத் துரு, அதற்குக் கீழே குழி குழியாக அரிப்பு. மேல்தட்டில் இருந்த டப்பா நிரம்பி வழிந்து, நேராகக் குழல் மேல் சொட்டியிருக்கிறது.

அந்தக் குருணை கால்சியம் குளோரைடு. துணி பீரோவில் தொங்கவிடும் மலிவான பாக்கெட்டுகளில் இருப்பதும் இதுதான். ஈரத்தை நன்றாகவே இழுக்கும், ஆனால் இழுத்த ஈரத்திலேயே கரைந்து உப்புநீராகத் தேங்கும். அந்த உப்புநீர் இரும்பில் பட்டால், வெறும் தண்ணீரைவிடப் பல மடங்கு வேகமாக அரிக்கும். இதைத் துப்பாக்கிக்கு மேலே வைத்து, மாற்றவே வேண்டாம் என்று சொல்லி விற்பதை அறியாமை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. டப்பாவின் மேல் ஒட்டியிருந்த கடை லேபிளைப் பிரித்தால், அடியில் வேறு லேபிள். ‘நிரம்பியதும் மாற்றவும்’ என்று அதில் அச்சிட்டிருக்கிறது.

மீட்டரைச் சோதித்தது அதற்குப் பிறகு. இது எல்லோரும் வீட்டில் செய்யக்கூடிய சோதனை. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, உப்பு முழுவதும் கரைந்துவிடாதபடி சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும். அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு வந்து நிற்கும். மீட்டரும் 75-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். என்னுடையது அப்போதும் 45-லேயே நின்றது.

அடுத்தது அந்த ‘காற்றுப் புகாத’ பெட்டி. நெருப்புத் தாங்கும் லாக்கரின் சுவருக்குள் ஜிப்சம் பலகையோ கான்கிரீட் போன்ற கலவையோ இருக்கும். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான். தீப்பிடித்தால் அது ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், அதனால்தான் உள்ளே இருப்பது தப்பிக்கிறது. ஆனால் கலவை ஊற்றிச் செய்த புதுப்பெட்டி, சாதாரண நாட்களிலும் மாதக்கணக்கில் உள்ளுக்குள் ஈரத்தைக் கசியவிடும். ரப்பர் பட்டை இறுக்கமாக இருந்தால் அந்த ஈரம் வெளியே போக வழியில்லை. ஃபோமும் வெல்வெட்டும் அதைக் குடித்துத் துப்பாக்கியோடு ஒட்டவைக்கும். நெருப்புக்கு நல்ல பெட்டி ஈரத்துக்கு மோசமான பெட்டியாக இருக்கலாம் என்பதை எந்த விற்பனையாளரும் தானாகச் சொல்லமாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்: சுவருக்குள் என்ன நிரப்பியிருக்கிறது? ஈரம் போக்கும் மின்சாதனத்தின் ஒயரை நுழைக்கப் பின்பக்கம் துளை இருக்கிறதா? என் பெட்டியில் துளை இல்லை. நாமே போட்டால் வாரண்டி போய்விடுமாம்.

துப்பாக்கி ரிப்பேர் செய்கிற பெரியவர் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, குழிகள் தோட்டா உட்காரும் இடத்துக்கு அருகில் இருப்பதால், சுவரின் கனத்தை அளக்காமல் சுடவே கூடாது என்று சொல்லிவிட்டார். மேல் துருவைத் தேய்த்துப் புளூயிங் (இரும்புக்குக் கருநீலப் பூச்சு) போடலாம். அரித்துப்போன இரும்பு திரும்பாது. அப்பா ஒன்றும் பேசவில்லை, எனக்குத்தான் ஆறவில்லை.

இப்போது உள்ளே இருப்பது ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல். ஈரம் குடித்துப் பச்சையானதும் 110 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி உழைக்கும், தண்ணீராக வழியாது. சோதித்து வாங்கிய மீட்டரில் 45-க்கும் 50-க்கும் நடுவே வைத்துக்கொள்கிறேன். 60-ஐத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். மிகவும் குறைந்தால் துப்பாக்கியின் மரப்பாகம் விரிசல் விடும். லாக்கரைச் சிமெண்ட் தரையிலிருந்து தூக்கி மரக்கட்டைகள் மேல் நிறுத்தி, வெளிச்சுவரை விட்டுத் தள்ளி வைத்தாயிற்று. தோலுறையில் போட்டு உள்ளே வைப்பதே இல்லை, தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைப்பவர்களும் நன்றாக எண்ணெய் பூசி, குழலைப் படமெடுத்துவிட்டுக் கொடுங்கள்.

கடைக்காரர் சொன்ன பதில், “மலைக்காத்து அப்படித்தான் சார், வாரண்டி பூட்டுக்கு மட்டும்தான்.” பில்லில் டப்பாவையும் மீட்டரையும் ‘இதர பொருட்கள்’ என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார். நீங்கள் வாங்கினால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள், அவர் தந்த உறுதியையும் சேர்த்து. நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். இரண்டு லேபிள்களோடும் அந்த டப்பாவைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். இதேபோல் லேபிள் மாற்றிய டப்பா உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போடாமல் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்க்கிறேன்.