ஜிகாபிட் இணைப்பு: வேகம் வீட்டுக்குள்ளேதான் குறைகிறது

வீட்டில் ஜிகாபிட் ஃபைபர் போட்டுச் சில வருடங்களாகின்றன. வேகம் குறைகிறது என்றால் பெரும்பாலும் குறைவது வீட்டுக்குள்ளேதான், இணைப்புக் கொடுத்தவர்களிடம் இல்லை. இத்தனை நாள் பயன்பாட்டில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான். அதனால் புகார் செய்வதற்கு முன் ரவுட்டரிலிருந்து கணினி வரை உள்ள வழியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஜிகாபிட் என்பது நொடிக்கு 1000 மெகாபிட் (எம்பிபிஎஸ்). ஆனால் கையில் வரும் முழு வேகம் அந்த 1000 இல்லை. டேட்டா பாக்கெட் எனும் சிறு துண்டுகளாகப் போகிறது; ஒவ்வொன்றோடும் முகவரி, பிழை சரிபார்ப்பு என்று கூடுதல் பைட்டுகள் போகின்றன. ஆகவே ஜிகாபிட் ஈதர்நெட் (நெட் கேபிள்) போர்ட்டில் 940 எம்பிபிஎஸ் வந்தாலே அதுதான் முழு வேகம். பெரிய ஃபைல் இறங்கும்போது நொடிக்கு 110 மெகாபைட்டுக்கு மேல் காட்டும். இதை வைஃபையில் சோதிக்காதீர்கள். கேபிள் போட்ட கணினியில், வேறு யாரும் பயன்படுத்தாத நேரத்தில் பாருங்கள்.

ஸ்பீட் டெஸ்ட் எந்நேரமும் 94, 95லேயே நின்றால், அது நல்ல தடயம். எங்கள் மாடி அறையில் அப்படித்தான் இருந்தது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100க்குத் தேவைப்படாத ஜோடிகளில் ஒரு கம்பி தொடர்பு விட்டால் பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நெட் நிற்காது, வீடியோ ஓடும், யாருக்கும் சந்தேகமே வராது. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழு கம்பிகள் நுனி வரை போயிருந்தன. பழுப்புக் கம்பி மட்டும் உலோகப் பல்லுக்கு எட்டாமல் பின்வாங்கி நின்றது. நுனியை வெட்டி, புது பிளக் வைத்து அழுத்திப் பொருத்தியதும் (கிரிம்ப்) 930ஐத் தாண்டியது. சுவருக்குள் இருப்பது பழைய கேட் 5இ தரக் கேபிள்தான். 100 மீட்டர் வரை ஜிகாபிட்டுக்கு அதுவே தாராளம். கேட் 8 வாங்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்டுக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

ரவுட்டர் அமைப்புகளிலும் வேகம் போகும். எந்தக் கருவி எவ்வளவு டேட்டா எடுக்கிறது என்று கணக்குக் காட்டும் வசதி, கியூஓஎஸ் (எந்தப் பயன்பாட்டுக்கு முன்னுரிமை என்று தீர்மானிப்பது), பெற்றோர் கட்டுப்பாடு போன்றவற்றை இயக்கினால், பல ரவுட்டர்களில் வன்பொருள் முடுக்கம் (பாக்கெட்டுகளைத் தனிச் சிப்பே கடத்தும் வசதி) நின்று எல்லாப் பாக்கெட்டையும் சிபியுவே சுமக்க வேண்டி வருகிறது. டேட்டா கணக்கை நிறுத்திய அன்றே என் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. லேப்டாப்பில் யூஎஸ்பி 2.0 ஈதர்நெட் அடாப்டர் செருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். அதன் உச்சமே 480 எம்பிபிஎஸ். கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு.

சரி, வைஃபை. இரண்டு ஆன்டெனா உள்ள போன் வைஃபை 5இல், 80 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில், 866 என்று காட்டும். அது ரேடியோவின் கணக்கு. கையில் வருவது 500, 600. வைஃபை 6இல் 1201 என்று காட்டும். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்தால் 700, 800 கிடைக்கிறது. ஒரு சுவர் தாண்டினால் இறங்கும். 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைக் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தேன். வேகம் ஏறியது உண்மைதான். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸில் அந்த அகலம் ரேடார்களும் பயன்படுத்தும் சேனல்களைத் தொடும். ரேடார் சமிக்ஞை என்று பட்டால் ரவுட்டர் உடனே வேறு சேனலுக்கு மாறியாக வேண்டும். அந்த நேரத்தில் இணைப்பு அறுந்து வீடியோ அழைப்பு உறைந்துவிடும். மறுபடி 80க்கே வந்துவிட்டேன். தினமும் அழைப்பில் உட்காருபவர்களுக்கு நிலையான 600 போதும், அடிக்கடி அறுந்து போகும் 1200 வேண்டாம்.

பின்னறைக்கு ஒரு மெஷ் பெட்டி (வைஃபையை அங்கே வரை நீட்டிக்கும் துணைக் கருவி) வைத்திருக்கிறேன். அது கம்பியில்லாமல் ரவுட்டரோடு பேசிய வரை வேகம் பாதியைவிடக் குறைவாக இருந்தது, ஒரே ரேடியோ இரு பக்கமும் வேலை செய்வதால். இடையில் கேபிள் ஓட்டிக் கொடுத்தேன். அங்கேயும் இப்போது 600க்குக் குறைவதில்லை. டிவிக்கு மட்டும் எதுவும் செய்யவில்லை. அதன் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான், 4கே படத்துக்கு அதில் கால்பங்கு போதும்.