சம்பளம் 7-ம் தேதி, தவணை 2-ம் தேதி

பிள்ளை முதல் சம்பளம் வாங்கத் தொடங்கிய வீட்டுக்காரர்கள், குறிப்பாக நம் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்து அம்மாக்கள், இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். கணக்கு என்னுடையது, டைப் அடித்தது மகள்.

மகனுக்கு 19 வயது. ஷூ கம்பெனியில் வேலை, கைக்கு வருவது 11,500. போன வருஷம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முன்னால் புது போன் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். வேலூரில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். முன்பணம் இல்லை, வட்டி இல்லை என்று வாசலிலேயே ஆள் உயரத்துக்குத் தட்டி வைத்திருந்தார்கள். விலை 22,000, பத்து மாதம், மாதம் 2,200. மனக்கணக்கிலேயே சரியாக வருகிறதே என்று நானும் தலையாட்டினேன்.

கடைக்குள் ஒரு மூலையில் மேசை போட்டு ஃபைனான்ஸ் கம்பெனிப் பையன் உட்கார்ந்திருந்தான். அவன் கடை ஆள் இல்லை என்பதே எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். ஆதார், பான், ஒரு செல்ஃபி, அப்புறம் ஓடிபி. மகன் எண்ணைப் படித்துச் சொல்வான், அவன் தட்டுவான். ஐந்து தடவை வந்தது. "இன்னாப்பா இத்தினி வருது?" என்றேன். "சும்மா வெரிஃபிகேஷன்தாம்மா" என்றான். பத்து நிமிஷத்தில் போன் கைக்கு வந்துவிட்டது.

அந்த ஐந்தில் ஒன்று, 2,400 ரூபாய்க்கு போன் இன்சூரன்ஸ். அதையும் கடனோடு சேர்த்துவிட்டதால் தவணை 2,200 இல்லை, 2,440. பிராசசிங் கட்டணம் 799 தனி. பிறகு போன் கீழே விழுந்து கண்ணாடி விரிசல் விட்டபோது, ஸ்கிரீன் அந்த இன்சூரன்ஸில் வராது என்றார்கள். வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது, வட்டியைக் கட்டணத்துக்குள் ஒளித்து வாங்குகிறீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளைக் கண்டித்திருக்கிறது. நமக்கு யார் சொன்னார்கள்?

இன்னொரு ஓடிபிதான் எங்களைக் கவிழ்த்தது. மாதாமாதம் 2-ம் தேதி பேங்க் கணக்கிலிருந்து தவணையை எடுத்துக்கொள்ள அனுமதி. மகனுக்குச் சம்பளம் விழுவது 7-ம் தேதி. 2-ம் தேதி அவன் கணக்கில் முந்நூறோ நானூறோ இருக்கும். தவணை திரும்பும். திரும்பினால் அபராதம் ஃபைனான்ஸுக்கு 500, பேங்குக்கு 295, ஆக 795. ஒரு பீடிக்கட்டுக்கு எத்தனை தடவை விரல் மடங்குகிறது என்று தெரிந்தவளுக்கு இந்த 795 என்னவென்று தெரியும்.

கடன் கொடுக்குமுன் அவர்கள் மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட் வாங்கியிருக்கிறார்கள். சம்பளம் 7-ம் தேதி என்று அதில் மூன்று இடத்தில் அச்சாகியிருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் 2-ம் தேதி போட்டார்கள்.

ஜூனில் முதல் தவணை திரும்பியது. அந்த மாதமே அதே கம்பெனி ஆப்பில், "உங்களுக்கு 30,000 தயார்" என்று வந்ததாம். தவணை தவறியவனுக்கு இன்னும் கடன்! இவனும் நண்பர்களோடு ஏலகிரி போக 15,000 எடுத்தான். கையில் வந்தது 14,115. இதற்குத் தவணை 1,882, ஒன்பது மாதம். இதற்கும் அதே 2-ம் தேதி. ஜூலையில் இரண்டும் திரும்பின, ஆகஸ்டிலும் திரும்பின. மூன்று மாதத்தில் அபராதம் மட்டும் 3,975. அதை அடைக்க ஊர் பேர் தெரியாத ஒரு ஆப்பில் ஏழு நாள் கடன், 5,000 என்று சொல்லி 3,200 கொடுத்தது.

விஷயம் வீட்டுக்கு வந்தது அந்த ஆப்பால்தான். எங்கள் மகளிர் குழுவுக்கு நான் ஊக்குநர். ஆடி மாதக் கூட்டத்தில் தீர்மான நோட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்தவளின் போன் அடித்தது. அவளிடம் என் மகன் பெயரைச் சொல்லித் திருடன் என்றான் ஒருவன். மகன் போனில் இருந்த எண்களையெல்லாம் அந்த ஆப் உருவியிருக்கிறது. எங்கள் குழுவில் பத்தாயிரம் கேட்டால் எதுக்கு, எப்படிக் கட்டுவே, போன கடன் எங்கே என்று பதினோரு பேர் குடைவார்கள். அதற்கு நானே பலமுறை அலுத்துக்கொண்டிருக்கிறேன். என் மகனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வேலூர்க் கடைக்குப் போனேன். "ஃபைனான்ஸ்காரங்களைக் கேளுங்கம்மா" என்றார்கள். மேசையில் வேறு பையன், அவன் கஸ்டமர் கேர் எண்ணைக் கொடுத்தான். கஸ்டமர் கேரில், "உங்க பையன்தானே மேடம் ஓடிபி கொடுத்தாரு" என்றார்கள். சட்டம் அவர்கள் பக்கம்தான், ஒரு வகையில். 18 ஆகாதவன் போடும் ஒப்பந்தம் செல்லாது, 1872-ம் வருஷச் சட்டம். ஆகிவிட்டால் பொறுப்பு அவனுடையது. அவன் செலவாளி என்பதையும் நான் மறைக்கவில்லை, ஏலகிரிக்குப் போகச் சொல்லி யாரும் அவனை அடிக்கவில்லை. பக்கத்தில் பொம்மை மாதிரி நின்றது நான். ஆனால் கடன் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவன், கடன் வாங்குகிறவனின் வயது, வேலை, வருமானம் பார்த்து, கட்ட முடியுமா என்று கணித்த பிறகே கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. 11,500-ல் 4,322 தவணை போனால் மீதியில் எப்படி இருப்பான் என்று கணக்குப் போடுவது அவன் வேலை. 19 வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு வராது என்று தெரிந்துதான் கடைக்குள் மேசை போடுகிறான். பெரிய பங்கு அவன் தலையில் என்பதுதான் என் கட்சி.

நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். 2024 அக்டோபர் 1 முதல் தனி ஆளுக்குக் கொடுக்கும் எந்தத் தவணைக் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும். கட்டணம் எல்லாம் சேர்த்து வருஷ வட்டி எவ்வளவு என்று அதில் இருக்கும், வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எங்களுக்கு அது இங்கிலீஷில், மகன் திறந்தே பார்க்காத மெயிலுக்குப் போயிருந்தது. கடையிலேயே தமிழில் கேளுங்கள், தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்குப் பின்னால் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஓடிபி வரும்போதும் அந்த எஸ்எம்எஸ்ஸை முழுக்கப் படிக்காமல் எண்ணைச் சொல்லாதீர்கள். ஜாமீன் கையெழுத்துப் போடாத அம்மா அப்பாவிடம் பணம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. போனில் இருக்கும் எண்களைக் கடன் ஆப் தொடவே கூடாது. மிரட்டினால் சைபர் குற்றப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

அந்த ஏழு நாள் ஆப்பை 1930-ல் சொன்னோம், அழைப்பு நின்றது. ஃபைனான்ஸுக்கு எழுத்தில் புகார் கொடுத்தோம். தேதியை 10 ஆக மாற்றினார்கள். அபராதத்தைத் திருப்பவில்லை. 30 நாள் காத்திருந்து ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனில் போட்டிருக்கிறோம், அதற்குக் கட்டணம் இல்லை, விவரத்துக்கு 14448. பதில் இன்னும் வரவில்லை. போன வாரம் அதே ஃபைனான்ஸ் கம்பெனி ஆப்பிலிருந்து மகனுக்கு மறுபடி வந்திருக்கிறது, இந்தத் தடவை 45,000 தயாராம்.