டிவிஎஸ் கோல்டு கீபோர்டு: 24 வருஷம் கழிச்சு திரும்பவும் வாங்கிட்டேன்

போன மாசம்தான் வாங்கினேன். பெட்டிய பிரிச்சு நாலு கீ தட்டினதுமே அந்த டிக் டிக் சத்தம், அப்படியே 2000ல எங்க வீட்டு ஹாலுக்கே கொண்டு போயிடுச்சு. அப்பா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல அசெம்பிள் பண்ணி எடுத்துட்டு வந்த பென்டியம் 3, விண்டோஸ் 98, 15 இன்ச் மானிட்டர், அதோட இதே கீபோர்டு. டிடிபி சென்டர்ல வேலை பாத்த சித்தப்பாதான் வாங்கினா இததான் வாங்கணும்னு ஒத்த கால்ல நின்னாரு.

அப்ப நெட்டுன்னா டயல்-அப் தான், மோடம் கீச்சுனு கத்தி கனெக்ட் ஆனா லேண்ட்லைன் எங்கேஜ்டு, மீட்டர் வேற ஓடும், அதனால மஸ்கட்ல இருந்த அண்ணனுக்கு எழுதறத எல்லாம் முதல்ல ஆஃப்லைன்லயே டைப் பண்ணி வச்சுக்கிட்டு, அப்புறமா கனெக்ட் பண்ணி பேஸ்ட் பண்ணி அனுப்பிட்டு உடனே கட் பண்ணிடுவோம். அம்மா பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல நான் முரசு அஞ்சல்ங்கற தமிழ் சாஃப்ட்வேர்ல, தமிழ்99ங்கற கீபோர்டு முறையில அடிப்பேன். அம்மான்னு அடிக்க இங்கிலீஷ் கீல A, K, K, Q, நாலே தட்டு, புள்ளி தானா வந்து உக்காரும். அண்ணன் கம்ப்யூட்டர்ல ஃபாண்ட் போடற வரைக்கும் அவனுக்கு எல்லாம் பூச்சி பூச்சியாதான் தெரிஞ்சுது, பாவம்.

இப்ப கீபோர்டுக்கு வரேன். உள்ள செர்ரி கம்பெனியோட ப்ளூ ஸ்விட்ச், ஒவ்வொரு கீக்கும் தனித்தனி ஸ்ப்ரிங். சாதாரண கீபோர்டுல அடியில ரப்பர் ஷீட், கீய கடைசி வரைக்கும் அமுக்கணும், இதுல பாதி தூரம் போகும்போதே டிக்குனு விரலுக்கு தெரிஞ்சிடும், அதுக்கு மேல அழுத்தவே வேணாம். பக்கம் பக்கமா தமிழ் அடிக்கறவங்களுக்கு இதோட அருமை புரியும், எனக்கு சாயங்காலம் விரல் வலிக்கறது நல்லாவே குறைஞ்சிருக்கு. நல்ல வெயிட்டு, வேகமா அடிச்சாலும் டேபிள்ல நகராது.

லைட் கிடையாது, சத்தம் ஜாஸ்தி, ராத்திரி பக்கத்துல யாராவது தூங்கினா கஷ்டம்தான். விலையும் சாதாரண கீபோர்டு மாதிரி பல மடங்கு. என்னோடதுல தமிழ் எழுத்து இல்ல, ரோட்டுக் கடையில வாங்கின ஸ்டிக்கர் ஒரே வாரத்துல உரிஞ்சு வந்துடுச்சு, ஆனா பாக்காமலே கை தானா போகுது.

வாங்கறவங்க யூஎஸ்பி மாடல்தானான்னு பாத்துக்கோங்க, அந்தக் காலத்து ஊதா கலர் உருண்டை பின் இப்போ இருக்கற லேப்டாப்ல ஏறாது.