கோரி கேட்ஃபிஷ் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு: கலர் கல்லை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்

கொளத்தூரில் ஒரு அலங்கார மீன் கடையில் ஆறு கோரி வாங்கினேன். தொட்டியின் அடியில் தீனி தேடும், வாயோரம் மீசை உள்ள சின்ன மீன். அடியில் மணல் போடலாமா என்று கேட்பதற்குள் கடைக்காரர் பத்துக் கிலோ நீலக் கல்லைத் தூக்கி வைத்துவிட்டார். "சார், இது கீழ கிடக்குறதைத் தின்னுட்டுப் போற மீன், எதுல போட்டாலும் கிடக்கும். மணல் போட்டா ஃபில்டர் அடைச்சுக்கும்." இத்தனை வருஷம் கடை வைத்திருப்பவர் சொல்கிறாரே என்று தலையாட்டிவிட்டேன்.

ஐந்தாவது வாரம் ஒரு மீன் கண்ணாடியை ஒட்டி வந்து நின்றது. மீசையைக் காணோம். இருந்த இடத்தில் இரண்டு வெளிறிய மொட்டு, வாயோரம் சிவப்பு. கடைக்காரரிடம் போட்டோவைக் காட்டினால், "தண்ணி மாத்தலையா?" என்று என்னையே திருப்பிக் கேட்டு ஒரு பாட்டில் நீல மருந்தையும் விற்றார். மருந்து ஊற்றியும் இரண்டு போய்ச் சேர்ந்தன.

கல்லை அள்ளியபோது முட்டை அழுகிய நாற்றம். தீனியெல்லாம் கல் இடுக்கில் விழுந்து மக்கியிருந்தது. வாராவாரம் சைஃபன் குழாய் போட்டு அடி அழுக்கை உறிஞ்சி எடுக்காதது என் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் கோரி மணலை வாயில் அள்ளி, தீனியை மட்டும் நிறுத்திக்கொண்டு, மணலைச் செவுள் வழியே தள்ளிவிடுகிற மீன். அதற்குக் கூரான கல்லைக் கொடுத்தால் தேடித் தேடியே மீசை தேயலாம், அந்தப் புண்ணில் அழுக்கு ஏறலாம்.

அப்புறம் எதிர்வீட்டுக் கட்டட வேலையில் கொஞ்சம் எம்-சாண்ட் கேட்டு வாங்கி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். குத்தியது. பாறையை உடைத்துச் செய்வது, முனை மழுங்கியிருக்காது. தயவுசெய்து அதைப் போட்டுவிடாதீர்கள். இன்னொரு கடையில் பளிச்சென்ற வெள்ளை மணல் கொடுத்தார்கள். வினிகர் நாலு சொட்டு விட்டதும் சோடா மாதிரி பொங்கியது. பளிங்குத் தூளோ கிளிஞ்சலோ, எதுவானாலும் தண்ணீரின் பிஎச்சையும் கடினத்தையும் ஏற்றிவிடும். கடைசியில் பழைய ஆற்று மணல் கிடைத்தது. மாவு சல்லடையில் சலித்து, ஒரு மில்லிமீட்டருக்குள் இருப்பதை மட்டும் எடுத்து, தண்ணீர் தெளியும்வரை அலசினேன். பன்னிரண்டு வாளி, இடுப்பு போய்விட்டது. மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் பரப்பவில்லை. ஃபில்டர் வாயைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தேன், இதுவரை அடைக்கவில்லை.

மிச்சம் நாலில் மூன்றுக்கு மீசை வெள்ளை நூல் மாதிரி துளிர்க்கிறது. நாலாவதுக்கு ஒரு பக்கம் வேரோடு போய்விட்டது, இனி வராது என்றுதான் நினைக்கிறேன்.

போன வாரம் அந்தக் கடைப் பக்கம் போனேன். வாசலில் அதே நீலக் கல் மூட்டை. உள்ளே அவருடைய கோரி தொட்டியைக் குனிந்து பார்த்தேன். கல்லும் இல்லை, மணலும் இல்லை, வெறும் கண்ணாடி. எல்லா மீனுக்கும் மீசை முழுசாக இருந்தது.