வெப்பத் தொட்டியா, குளிர்த் தொட்டியா: சிங்கப்பூர் வீட்டில் குடுவைத் தாவரம்

சிங்கப்பூர் வீட்டில் கண்ணாடித் தொட்டிக்குள், குடுவை போன்ற இலைப்பொறியில் பூச்சி பிடிக்கும் குடுவைத் தாவரம் வளர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஈரப்பதத்தைப் பற்றியே முதலில் கவலைப்படுகிறார்கள். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் தீவில் அது கடைசியாக வர வேண்டிய கவலை. செடி பிழைக்குமா, குடுவை விடுமா என்பதை இங்கே முடிவு செய்வது இரவு வெப்பநிலைதான். இச்செடிகள் அடங்கிய நெப்பந்தஸ் பேரினத்தைத் தாழ்நில இனங்கள் என்றும் மலை இனங்கள் என்றும் வளர்ப்பவர்கள் பிரித்துப் பேசுவார்கள். ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்துக்குக் கீழே வளர்பவை முன்னவை, அதற்கு மேல் வளர்பவை பின்னவை. தாழ்நில இனங்களுக்கு இரவிலும் 20 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெப்பம் வேண்டும். மலை இனங்களோ பகலில் 25 டிகிரியை ஒட்டியும் இரவில் 10 முதல் 16 டிகிரி வரையிலும் இருந்தால்தான் செழிக்கும். நம் இரவுகள் ஆண்டு முழுவதும் 24 முதல் 26 டிகிரியை ஒட்டியே நிற்பதால், ஒரு வகைக்கு இயற்கையே இடம் கொடுக்கிறது, மற்றொன்றுக்கு இயந்திரம் தேவைப்படுகிறது. இந்த இரண்டு தொட்டிகளையும் ஒப்பிடுவதே இங்கே நோக்கம் என்றாலும், தொட்டியே இல்லாத மூன்றாவது வழி ஒன்று இருப்பதையும் சொல்லாமல் விட முடியாது.

தாழ்நிலத் தொட்டி

தாழ்நில இனங்களில் மூன்று இந்தத் தீவின் சொந்தச் செடிகள்: கிராசிலிஸ், ஆம்புல்லாரியா, ராஃப்லேசியானா. பின்னிரண்டையும் விவரித்தவர் ராஃபிள்சோடு பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் ஜாக். அவர் 1822இல் இறந்தார், அவருடைய விவரிப்பு 1835இல்தான் அச்சேறியது. தம் சொந்தத் தட்பவெப்பத்தில் வாழும் செடிக்கு வெப்பமூட்டி எதற்கு என்ற கேள்வி எளிமையானதாகத் தோன்றலாம். ஆனால் கண்ணாடித் தொட்டி பற்றிய வழிகாட்டிகளில் பெரும்பகுதி குளிர்நாட்டு வாசகர்களுக்காக எழுதப்பட்டவை; அடியில் வெப்பப் பாய் விரிக்கவும், மேல்மூடியை இறுக அடைக்கவும், சன்னலோர வெயிலில் வைக்கவும் அவை சொல்கின்றன. மூன்று அறிவுரைகளும் இங்கே செடியைக் கொல்லும். நேர்வெயில் விழும் மூடிய தொட்டிக்குள் வெப்பம் விரைவில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். காற்றோட்டமில்லாத ஈரத்தில் இலைகளின்மேல் பூஞ்சை படரும்.

எனவே இங்கே தாழ்நிலத் தொட்டி என்பது சூட்டைத் தேக்கும் பெட்டியாக அல்லாமல் சூட்டை வெளியேற்றும் பெட்டியாக அமைய வேண்டும். எல்இடி விளக்கைக் கண்ணாடிக்கு வெளியே, மூடிக்குச் சில சென்டிமீட்டர் மேலே தொங்கவிட்டு நாளொன்றுக்கு 12 மணிநேரம் எரியவிடுவது நல்லது. மூடியில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டு, கணினிக்குள் இருப்பதைப் போன்ற சிறு மின்விசிறி ஒன்றை மெதுவாக ஓடவிட்டால் காற்றும் நகரும், ஈரமும் 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காது. இவ்வளவுதான் இதற்கான கருவிகள். மின்சாரம் சில மணிநேரம் நின்றாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது என்பது தாழ்நிலத் தொட்டியின் மிகப்பெரிய பலம் என்று நான் கருதுகிறேன்.

பலவீனம் செடியின் அளவில் இருக்கிறது. குடுவையின் மூடிக்கடியில் இரண்டு கூர்ப்பற்கள் நீட்டிக்கொண்டிருக்கும் பைகால்கராட்டாவைப் பார்த்தவுடன் எல்லாருக்கும் ஆசை வரும். ஆனால் போர்னியோவின் கரிச்சதுப்புக் காடுகளில் மரங்களின்மேல் ஏறும் அந்தக் கொடியின் ஓரிலையே பல தொட்டிகளின் நீளத்தைத் தாண்டிவிடும். ராஃப்லேசியானாவும் அப்படித்தான். ஆம்புல்லாரியா ஓரளவு ஒத்துவரும். கொடி மேலே ஏறத் தொடங்கியதும் வெட்டிவிட்டால் அடித்தண்டிலிருந்து கொத்துக்கொத்தாகச் சிறு குடுவைகள் விடும். ஆயினும் அதற்கு ஒரு தனித் தேவை உண்டு. காட்டில் அதன் குடுவைகள் வாய் திறந்து, மேலிருந்து உதிரும் சருகுகளையும் ஏற்றுக்கொள்ளும். அதன் இலைகளில் உள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சருகிலிருந்து வருவதாக ஆய்வு காட்டியிருக்கிறது. கண்ணாடிக்குள் சருகு உதிர்வதில்லை என்பதால் காய்ந்த இலைத் துணுக்கையோ மீன் தீவன உருண்டையையோ நாமே இட வேண்டும்.

தொட்டிக்கென்றே பிறந்தவை போன்ற தாழ்நில இனங்களும் இருக்கின்றன. பிலிப்பீன்சின் மிண்டனாவ், டினகாட் தீவுகளில் வளரும் பெல்லி சிறியது, மெதுவாக வளர்வது. போர்னியோவின் சுண்ணாம்புப் பாறைகளில் தொற்றி வளரும் காம்பனுலாட்டாவின் மஞ்சள் மணி வடிவக் குடுவைகள் 10 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. அது முதலில் அறியப்பட்ட இடம் 1983இன் காட்டுத்தீயில் எரிந்துபோனதால் இனமே அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டது. 1997இல் சரவாக்கின் மூலு பகுதியில் தாவர ஆய்வாளர் சியென் லீ அதை மீண்டும் கண்டுபிடித்தார். பார்வைக்குப் பகட்டில்லாத செடிதான், ஆனால் 45 சென்டிமீட்டர் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் அளவோடு நிற்கக்கூடியது.

குளிர்த் தொட்டி

அழகில் மலை இனங்கள் முந்துகின்றன என்பதை மறுக்க முடியாது. சுலவேசியின் ஹமாட்டாவின் குடுவை விளிம்பில் கொக்கிக் கொக்கியாக நிற்கும் பற்களுக்கு நிகரான ஒன்று தாழ்நிலத்தில் இல்லை. சுமத்ராவின் அரிஸ்டோலோகியாய்டஸ் குடுவையின் கூரை ஒளி ஊடுருவும் சன்னலாக மாறி, பூச்சியை வெளிச்சத்தை நோக்கி ஏமாற்றி உள்ளே இழுக்கும். ஆனால் இவற்றின் இரவைச் சிங்கப்பூரில் உருவாக்குவது எளிய வேலையன்று.

மலிவான வழிகள் ஏன் தோற்கின்றன என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் தெளித்தும் பனிமூட்டக் கருவி வைத்தும் தொட்டியைக் குளிர்விக்கலாம் என்ற யோசனை வறண்ட ஊர்களில் எடுபடும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். நம் இரவுக் காற்றோ ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால், எவ்வளவு தெளித்தாலும் வெப்பம் 24 டிகிரியை ஒட்டிய எல்லைக்குக் கீழே இறங்காது. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகடுகள் சத்தமில்லாதவை என்றாலும், தின்னும் மின்சாரத்துக்கு அவை தரும் குளிர் மிகக் குறைவு. எஞ்சுவது அமுக்கி (கம்ப்ரசர்) பொருத்திய வழிகள்தாம்: மீன்தொட்டிக் குளிர்விப்பானிலிருந்து குளிர்ந்த நீரைக் குழாய் வழியே விசிறி பொருத்திய சுருளுக்குள் ஓடவிடுவது, அல்லது கண்ணாடிக் கதவுள்ள சிறு குளிர்பதனப் பெட்டியை விளக்கோடு மாற்றியமைப்பது. முதல் வழியில் வெப்பத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தலாம், இரண்டாவதில் இடம் மிச்சமாகும். எனக்கு முதலாவதுதான் ஏற்புடையது. பழுதானால் ஓர் உறுப்பை மட்டும் மாற்றினால் போதும்.

வாங்கும்போது எவரும் நினைத்துப் பார்க்காத சிக்கல் ஒன்று கண்ணாடியின் வெளிப்புறத்தில் காத்திருக்கிறது. இங்கே காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரியை ஒட்டி இருப்பதால், அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கும். 14 டிகிரியில் இருக்கும் தொட்டியின் கண்ணாடி இரவு முழுவதும் நீர் வடித்து, அடியிலுள்ள மரப்பலகையை உப்பவைக்கும். மூன்று பக்கங்களுக்கும் தடித்த நுரைப்பலகை ஒட்டி, முன்பக்கத்துக்கு இரட்டைக் கண்ணாடி போட்டால்தான் இது அடங்கும். அதாவது, நான்கு பக்கமும் பார்த்து மகிழ வாங்கிய கண்ணாடித் தொட்டி ஒரு பக்கச் சன்னலாகச் சுருங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, குளிர்விப்பான் வெளியே தள்ளும் வெப்பம் அதே அறையில்தான் தங்கும்.

இவ்வளவு செய்த பிறகும் போர்னியோவின் கினபாலு மலையில் வளரும் ராஜா என்ற இனத்தை இதில் வளர்க்கலாம் என்று எண்ணக் கூடாது. 1,500 மீட்டருக்கு மேலே வளரும் அச்செடி முதிர்ந்தால் ஒரு மீட்டருக்கும் மேல் விரிந்து நிற்கும். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் எல்லா நெப்பந்தசையும் வெப்பக் கண்ணாடிக் கூடத்தில் அடைத்தபோது தாழ்நில இனங்கள் செழிக்க, ராஜா நலிந்தது. அன்றைய தோட்டக்காரர்கள் குளிரைக் கணக்கில் எடுக்கவில்லை, இன்றைய தொட்டிக்காரர்கள் அளவைக் கணக்கில் எடுப்பதில்லை. குளிர்த் தொட்டிக்கு உகந்தவை பிலிப்பீன்சின் சிபுயான் தீவிலுள்ள கிட்டிங்கிட்டிங் மலையில் வளரும் ஆர்கெண்டியைப் போன்ற குள்ள இனங்களே.

இரண்டுக்கும் நடுவே

படுக்கையறையில் இரவுதோறும் குளிர்சாதனம் ஓடும் வீடுகளில் ஓர் இடைவழி உண்டு. 22 அல்லது 23 டிகிரி அறையில் சாதாரண மூடிய தொட்டியை வைத்தால், குளிர்சாதனம் உலர்த்தும் காற்றிலிருந்து கண்ணாடி செடியைக் காக்கும். பகலுக்கும் இரவுக்கும் இடையே சில டிகிரி வேறுபாடும் கிடைக்கும். ஹமாட்டாவுக்கு இது போதாது. ஆனால் பிலிப்பீன்சில் 1,000 மீட்டருக்கு மேல் வளரும் வென்ட்ரிகோசாவும் அதன் கலப்பினங்களும் இதை ஏற்றுக்கொள்கின்றன. கூடுதல் செலவு விளக்குக்கு மட்டுமே.

வளர்ப்பு ஊடகத்திலும் தொட்டிகள் வேறுபடுகின்றன. குளிர்த் தொட்டியில் நீண்ட இழை ஸ்பேக்னம் பாசியும் பெர்லைட் என்னும் இலேசான வெண்பாறைத் துகளும் நெடுநாள் தாங்கும். வெப்பத் தொட்டியில் அதே பாசி விரைவில் மக்கி வேரை மூச்சுத்திணற வைப்பதால், மரப்பட்டைத் துண்டு, கரி, பெர்லைட் ஆகியவற்றை மிகுதியாகச் சேர்க்க வேண்டும். எதுவானாலும் தொட்டியின் தரையில் நேரடியாக நடாமல் தனிச் சட்டிகளில் வைப்பது மேல். மாவுப்பூச்சி வந்தால் ஒன்றை மட்டும் வெளியே எடுக்கலாம். மழைநீர் அல்லது எதிர்சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டிய நீர் இரண்டுக்கும் பொது. மண்ணில் உரம் இடுவது இரண்டுக்கும் ஆகாது.

தொட்டியில்லாத வழி

கிராசிலிஸ், வென்ட்ரிகோசாவின் கலப்பினமான வென்ட்ராட்டா, பெரிய குடுவை விடும் மிராண்டா ஆகியவை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் வெளிச்சமான சன்னலோரத்திலோ தாழ்வாரத்திலோ தொங்குசட்டியில் தாமாகவே வளரும். காலை வெயில் நேரடியாகப் படும் இடத்தில் குடுவைகள் பெறும் சிவப்பைச் சாதாரண வீட்டு விளக்கு தருவதில்லை. எறும்பும் ஈயும் தாமே வந்து விழுவதால் ஊட்டும் வேலையும் இல்லை. தாழ்வாரத்தில் நடைவழிக்கு 1.2 மீட்டர் விட வேண்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சட்டிக்கடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்கும் பழக்கத்தை மட்டும் அறவே விட்டுவிட வேண்டும். ஏடிஸ் கொசு அதில்தான் முட்டையிடும், தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

என் தேர்வைக் கேட்டால், முதல் செடிக்குத் தொட்டியே வேண்டாம், வென்ட்ராட்டாவைத் தொங்கவிடுங்கள் என்பேன். மேசைமேல் கண்ணாடிக்குள் பசுமை வேண்டும் என்பவருக்குப் பெல்லியோ காம்பனுலாட்டாவோ உள்ள தாழ்நிலத் தொட்டி. குளிர்த் தொட்டி என்பது செடியைப் போலவே குழாய், வெப்பமானி, காப்புப் பலகை ஆகியவற்றிலும் ஆர்வமுள்ளவருக்கு உரியது. மற்றவர்களுக்கு அது சில மாதங்களில் சுமையாகிவிடும்.

எதை வாங்கினாலும் திசு வளர்ப்பில் உருவான செடியா என்று கேட்டு வாங்க வேண்டும். இலங்கையின் போர்னியோ எக்சாட்டிக்ஸ் போன்ற பண்ணைகள் அரிய மலை இனங்களையும் இவ்வழியில் பெருக்கி விற்கின்றன. ராஜாவும் மேகாலயாவின் காசியானாவும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பிலும், நெப்பந்தசின் ஏனைய இனங்கள் இரண்டாம் இணைப்பிலும் இருப்பதால், எல்லை தாண்டி வரும் செடிக்கு உரிய அனுமதித் தாள்கள் இருக்க வேண்டும். வேர்களில் காட்டு மண்ணும் இலைகளில் பூச்சி அரித்த வடுக்களுமாக, முதிர்ந்த கொடி ஒன்று குறைந்த விலைக்கு வந்தால், அது காட்டிலிருந்து பிடுங்கப்பட்டதாகவே இருக்கக்கூடும். அத்தகைய செடி எந்தத் தொட்டியிலும் எளிதில் வேர் பிடிப்பதில்லை.