ஓதமேறும் அறைக்கு எது பொருந்தும்: கம்ப்ரெஸரா, சிலிக்கா சக்கரமா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலூர், ஆம்பூர் பக்கத்துத் தரைத்தள அறைகளில் சுவர் ஓதமேறி, அடுக்கிவைத்த தோல் பொருள்களில் பூஞ்சணம் பூக்கும்போதுதான் ஈரப்பதம் நீக்கும் கருவியின் நினைவு பலருக்கும் வருகிறது.

கம்ப்ரெஸர் வகை, குளிர்ந்த சுருளின் மீது காற்றைச் செலுத்தி, அதிலுள்ள நீராவியைச் சொட்டுகளாக்கித் தொட்டியில் சேர்க்கிறது. சிலிக்கா ஜெல் சக்கர வகையோ ஈரத்தை உறிஞ்சிய சக்கரத்தை ஹீட்டரால் காயவைப்பதால், மின்சாரத்தைக் கூடுதலாகச் செலவிடுவதோடு அறையையும் சூடாக்குகிறது. சுமார் 15 டிகிரிக்குக் கீழே சுருளில் பனி உறைந்து கம்ப்ரெஸரின் திறன் குறைவதால், குளிர்நாடுகளில் சக்கர வகைக்கு மதிப்பு உண்டு. ஏலகிரியின் மார்கழி இரவுக்கு வேண்டுமானால் அதை யோசிக்கலாம், வேலூருக்கு (இங்கே அறைக்கு மேலும் சூடு கேட்பவர் யார்?) கம்ப்ரெஸரே ஏற்றது என்பது என் முடிவு. சக்கர வகை எடை குறைந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஒரு நாளில் இத்தனை லிட்டர் நீரை எடுக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் கணக்கு பெரும்பாலும் 30 டிகிரி வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம் என்ற நிலையில் அளந்தது. அறை உலர உலரத் தொட்டியில் சேரும் நீரும் குறையும். சன்னல்களை அடைத்து, ஈரப்பதத்தை 50 முதல் 55 விழுக்காட்டில் நிறுத்துவது போதும்; மிகவும் இறக்கினால் தோல் வறண்டு வெடிக்கும். கூரை ஒழுகினால் முதலில் கொத்தனாரை அழைக்க வேண்டும்.